ஒரு பாட்டு முணுமுணுக்கிறது, அடுத்த பாட்டு அலறுகிறது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காக, 1950-களின் பாடல்கள் தொடங்கி இந்த ஆண்டு வெளிவந்தவை வரை நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்பாடல்களை ஒரே பென் டிரைவில் தொகுத்து வைத்திருக்கிறேன். வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது, பழைய பாடல் காதில் விழ வேண்டுமென்று ஒலியை ஏற்றினால், அடுத்து வரும் புதுப் பாடலில் ஜன்னல் அதிர்கிறது. அடாசிட்டி மென்பொருளில் எல்லாப் பாடல்களுக்கும் ‘நார்மலைஸ்’ கொடுத்தேன். வித்தியாசம் கொஞ்சம் குறைந்ததே தவிர, தீரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் பயன்படுத்திய கட்டளை செய்யும் வேலை ஒன்று, உங்களுக்கு ஆக வேண்டிய வேலை வேறு. டிஜிட்டல் ஒலிப்பதிவில் 0 டெசிபல் என்பதுதான் மேல் எல்லை. அதைத் தாண்டி எதையும் பதிய முடியாது என்பதால், மற்ற எல்லா அளவுகளும் அதற்குக் கீழே மைனஸ் குறியோடு வருகின்றன. ‘நார்மலைஸ்’ கட்டளை, ஒரு பாடலில் எந்தக் கணம் அந்த எல்லைக்கு மிக அருகே போகிறது என்று தேடிப் பிடித்து, அந்த ஒற்றைக் கணம் நீங்கள் குறித்த அளவைத் தொடும்படி முழுப் பாடலையும் ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. அந்தக் கணம் தபலாவில் விழுந்த ஒரே ஓர் அடியாக இருக்கலாம். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே அது நீடித்திருக்கலாம். நம் காதோ அந்த ஓர் அடியை வைத்து ஒரு பாடல் சத்தமாக இருக்கிறதா, மெல்லியதாக இருக்கிறதா என்று முடிவு செய்வதில்லை. பாடல் முழுவதும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஒலியின் திரளைத்தான் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. முன்னதை உச்சம் என்றும் பின்னதை உரப்பு என்றும் வைத்துக்கொண்டால், உச்சத்தைச் சமன் செய்வதால் உரப்பு சமனாகிவிடாது என்பதே உங்கள் சிக்கலின் வேர்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். உங்கள் தொகுப்பில் ஒரு பழைய பாடலின் உரப்பு −21 என்றும் அதன் உச்சம் −3 என்றும், ஒரு புதுப் பாடலின் உரப்பு −8 என்றும் அதன் உச்சம் ஏறக்குறைய 0 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 13 டெசிபல். உச்சங்களை 0-வுக்குக் கொண்டுவந்தால் பழைய பாடல் 3 டெசிபல் ஏறி −18-க்கு வரும். புதுப் பாடலோ ஏற்கெனவே எல்லையில் இருப்பதால் −8-லேயே நிற்கும். ஆக, வித்தியாசம் 13-லிருந்து 10-ஆகத்தான் குறைகிறது. சுமார் 10 டெசிபல் கூடினால் ஒலி இருமடங்கு சத்தமாகிவிட்டதாக மனிதக் காதுக்குத் தோன்றும் என்பதால், இவ்வளவு வேலைக்குப் பிறகும் புதுப் பாடல் பழைய பாடலைப்போல் இருமடங்கு உரக்கக் கேட்கிறது.

புதிய பாடல்களில் உச்சத்துக்கும் உரப்புக்கும் இடைவெளி இவ்வளவு குறைவாக இருப்பது தற்செயல் அல்ல. ஒரே பாடலைச் சற்று உரக்க ஒலிக்கச் செய்தால், கேட்பவர்களுக்கு அதுவே நல்ல பதிவாகத் தோன்றும். இந்தப் பலவீனத்தை அறிந்த இசை நிறுவனங்கள், 1990-களில் டிஜிட்டல் லிமிட்டர்கள் (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடித்து நிறுத்துபவை) கைக்கு வந்தபின், உச்சங்களை அமுக்கி மற்ற அனைத்தையும் மேலே தள்ளும் பழக்கத்தில் இறங்கின. போட்டியில் ஒவ்வொருவரும் மற்றவரைவிடக் கொஞ்சம் உரக்கப் போக, அடிக்கும் குரலுக்கும் இடையே வேற்றுமையே இல்லாத பதிவுகள் குவிந்தன. பழைய பாடல்களில் அந்த வேற்றுமை அப்படியே இருக்கிறது. பாடகர் குரல் ஓர் அளவில் நிற்க, தபலாவின் அடி அதற்கு மேலே துள்ளி எழுந்து அடங்குகிறது. அவை சத்தம் குறைவாகக் கேட்பதற்குக் காரணம் அந்தத் துள்ளலுக்கு இடம் விட்டிருப்பதுதான். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உரப்பை அளப்பதற்கு இப்போது ஒரு பொது முறை உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் பி.எஸ்.1770 என்ற பரிந்துரையாக அதை வெளியிட்டது. மனிதக் காது மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை மந்தமாகவும், அதைவிட உயர்ந்தவற்றைக் கூர்மையாகவும் உணர்கிறது. அதற்கேற்ப இந்த முறை தாழ்ந்தவற்றைக் குறைத்தும், சுமார் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றைச் சற்று உயர்த்தியும் எடை போடுகிறது. பாடலை 0.4 நொடித் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அளக்கிறது. பிறகு நடந்த திருத்தத்தின்படி, மௌனமான துண்டுகளையும் பாடலின் சராசரிக்கு 10 டெசிபலுக்கும் மேல் கீழே கிடக்கும் துண்டுகளையும் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறது. அதனால் பாடலின் இறுதியில் உள்ள வெறும் இரைச்சல் முடிவைக் கெடுப்பதில்லை. இப்படிக் கிடைக்கும் எண்ணின் அலகு எல்.யு.எஃப்.எஸ். என்று குறிக்கப்படுகிறது. அதில் ஓர் அலகு ஏறுவதும் ஒரு டெசிபல் ஏறுவதும் ஒன்றுதான்.

அடாசிட்டியின் 2.4-ஆம் பதிப்பிலிருந்து ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற தனிக் கட்டளை இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அதுதான். எல்லாப் பாடல்களையும் ஒரே கோப்பில் இறக்குமதி செய்தால் ஒவ்வொன்றும் தனித் தடமாக வந்து நிற்கும்; நூறையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல் பத்துப் பத்தாகச் செய்வது கணினிக்கு நல்லது. அனைத்தையும் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டளையில் −19 என்று கொடுங்கள். ஒவ்வொரு தடமும் தனித்தனியே அளக்கப்பட்டு அந்த உரப்புக்குக் கொண்டுவரப்படும். மேலே சொன்ன பழைய பாடல் 2 டெசிபல் ஏறும், அதன் உச்சம் −1-இல் நிற்கும். புதுப் பாடல் 11 டெசிபல் இறங்கும். பிறகு ‘பல கோப்புகளாக ஏற்றுமதி’ செய்யும் வசதியைக் கொண்டு ஒவ்வொரு பாடலையும் தனியாகச் சேமித்துக்கொள்ளலாம். எம்.பி.3 கோப்பைத் திருத்தி மீண்டும் எம்.பி.3-ஆகவே சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் தரம் சிறிது குறையும். எனவே மூலக் கோப்புகளைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஏற்றுமதியை 256 அல்லது 320 கே.பி.பி.எஸ். (நொடிக்கு இத்தனை கிலோபிட்) அளவில் ஒரே முறை செய்யுங்கள்.

புதுப் பாடலை 11 டெசிபல் இறக்குவதா என்று தயங்க வேண்டாம். 16 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. அதில் 11-ஐ விட்டுக்கொடுப்பதால் காதுக்குத் தெரியும்படி எதுவும் போய்விடாது. குறைந்துபோன சத்தத்தை மண்டபத்து ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பி ஒரே முறையில் மீட்டுக்கொள்ளலாம். மாறாக, பழைய பாடலை −8 வரை தூக்க முயன்றால் அதன் தபலா அடிகள் எல்லாம் எல்லையில் மோதித் தட்டையாகிக் கரகரக்கும். தேய்ந்த தட்டின் இரைச்சலும் கூடவே 13 டெசிபல் ஏறிவிடும். சமன் செய்யும் வேலையில் கைவிடக் கூடாத விதி ஒன்று உண்டு என்றால், உரத்த பாடலை இறக்க வேண்டுமே தவிர மெல்லிய பாடலை அதன் வலுவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதுதான்.

கேள்வி: எந்த உரப்பு அளவை இலக்காக வைப்பது என்று தேடினால் −14 என்கிறார்கள், −16 என்கிறார்கள், −23 என்றும் சொல்கிறார்கள். கல்லூரி விழாவுக்குப் பாடல் தொகுக்கும் எனக்கு இவற்றில் எது சரி?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: ஒவ்வோர் எண்ணும் ஒவ்வோர் இடத்துக்கு உரியது. தொலைக்காட்சியில் நிகழ்ச்சிக்கு இடையே விளம்பரம் வந்தால் வீடே அதிர்ந்த காலத்தில், ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் வகுத்த அளவு −23. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் −24-ஐப் பின்பற்றுகின்றன. அங்கே விளம்பரங்களின் சத்தத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, 2012 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் −14-ஐ ஒட்டியும், ஆப்பிள் மியூசிக் −16-ஐ ஒட்டியும் பாடல்களை ஒலிக்கச் செய்கின்றன. கணினியில் பாட்டுக் கேட்பவர்கள் பயன்படுத்தும் ரீப்ளே கெயின் முறையின் இரண்டாம் பதிப்புக்கு −18 இலக்கு. இவற்றுள் எதுவும் உங்கள் பென் டிரைவைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. எல்லாப் பாடல்களும் ஒரே எண்ணில் நிற்பதே முக்கியம். அது எந்த எண் என்பது இரண்டாவதுதான்.

அந்த எண்ணை உங்கள் தொகுப்பே சொல்லிவிடும். ஒவ்வொரு பாடலின் உரப்பையும் உச்சத்தையும் அளந்து, இரண்டுக்கும் இடைவெளி மிக அதிகமாக உள்ள பாடலைக் கண்டுபிடியுங்கள். அது பெரும்பாலும் ஒரு பழைய பாடலாகவோ, வாத்திய இசையாகவோ இருக்கும். அதன் உச்சத்தை −1 வரை கொண்டுபோனால் அதன் உரப்பு எந்த எண்ணில் வந்து நிற்கிறதோ, அதுவே முழுத் தொகுப்புக்கும் இலக்கு. தொகுப்பில் இருப்பவை அனைத்தும் அண்மைக் காலப் பாடல்கள் என்றால் −14 கூடப் பொருந்தும். அரை நூற்றாண்டுப் பாடல்கள் கலந்திருந்தால் −18, −19 என்று இறங்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு பாடல் மட்டும் மற்ற எல்லாவற்றையும் −24-க்கு இழுத்தால், அந்த ஒரு பாடலுக்காக ஊரையே பட்டினி போட வேண்டியதில்லை. அதற்கு மட்டும் மிதமான லிமிட்டர் ஒன்றைப் பூட்டி, உச்சத்தை இரண்டு மூன்று டெசிபல் அமுக்கிக்கொள்வதில் பாவம் இல்லை.

உச்சத்தை 0 வரை விடாமல் −1-இல் நிறுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோப்பில் இருப்பவை தனித்தனிப் புள்ளிகள். அவற்றைக் கோத்து அலையாக மாற்றும்போது, இரண்டு புள்ளிகளுக்கு இடையே அலை அவற்றைவிட உயரமாக எழக்கூடும். எம்.பி.3-ஆகச் சுருக்கும்போதும் உச்சங்கள் சற்றே இடம் மாறும். இரண்டுக்குமாகச் சேர்த்து அந்த ஒரு டெசிபலை விட்டுவைக்கிறோம்.

அளந்து முடித்த பிறகு, அளவியின் சொல்லையே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பாடல்களின் அளவு ஒரே எண்ணைக் காட்டினாலும், நாகசுவரம் ஓங்கி ஒலிக்கும் பதிவு புல்லாங்குழல் பதிவைவிடக் குத்தலாகக் கேட்கும். அதைக் கையால் இரண்டு டெசிபல் இறக்கிவிடுவதே நல்லது. குரல் முன்னே நிற்கும் பாடலும், வாத்தியங்களுக்கு நடுவே குரல் புதைந்திருக்கும் பாடலும் ஒரே உரப்பில் இருந்தாலும் ஒன்றுபோல் தோன்றா. ஏனெனில் கேட்பவர்கள் தம்மை அறியாமல் குரலைத்தான் பின்தொடர்கிறார்கள். ஒலியை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாடலின் சரணத்திலிருந்தும் சில நொடிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். மெல்லிய சத்தத்தில் எந்தக் குரல் காணாமல் போகிறது, எது மட்டும் எட்டிப் பார்க்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஒரு டெசிபல் அளவுக்கான வேறுபாட்டுக்கு மெனக்கெட வேண்டாம். விழாக் கூட்டத்தில் அதை யாரும் உணர மாட்டார்கள்.

இன்னொன்று. தனி வீணையிலோ வெறும் ஹம்மிங்கிலோ தொடங்கி, பல்லவி வந்ததும் பொங்கும் பாடல்கள் உண்டு. முழுப் பாடலின் சராசரியைச் சரிசெய்தாலும், அதன் தொடக்கம் முந்தைய பாடலின் முடிவுக்குப் பிறகு மெலிந்துதான் கேட்கும். அதற்கு மருந்து டெசிபலில் இல்லை. அடங்கி முடியும் ஒரு பாடலுக்குப் பின்னே அதை வைத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் என் பாடல்களுக்குக் கணினியில் ரீப்ளே கெயின் போட்டுக் கொடுத்தார். அவருடைய கணினியில் எல்லாம் ஒரே சீராகக் கேட்டன. அதே பென் டிரைவை லாரியில் போட்டால் பழையபடியே ஏறி இறங்குகின்றன. ஏன்?
– ஒரு லாரி ஓட்டுநர், நாமக்கல்

பதில்: ரீப்ளே கெயின் உங்கள் பாடலைத் தொடுவதே இல்லை. பாடலை அளந்து, ‘இதை 7 டெசிபல் குறைத்து ஒலிக்கவும்’ என்பதுபோன்ற ஒரு குறிப்பை மட்டும் கோப்பின் ஓரத்தில் எழுதி வைக்கிறது. ஃபூபார் 2000 போன்ற மென்பொருள்கள் அந்தக் குறிப்பைப் படித்து அதன்படி நடக்கின்றன. வண்டிகளில் உள்ள பிளேயர்களில் மிகப் பல அதைப் படிப்பதில்லை; குறிப்பு இருந்தும் இல்லாததுபோல்தான்.

உங்கள் பாடல்கள் எம்.பி.3 என்றால், எம்.பி.3 கெயின் என்ற பழைய இலவச மென்பொருள் இதற்குப் போதும். எம்.பி.3 கோப்பு மிகச் சிறிய துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும், ‘இந்தத் துண்டை எவ்வளவு பெருக்கி ஒலிக்க வேண்டும்’ என்று சொல்லும் எண் ஒன்று பொதிந்திருக்கிறது. இந்த மென்பொருள் அந்த எண்ணை மட்டும் மாற்றுகிறது. பாடலைப் பிரித்து மீண்டும் சுருக்குவதில்லை என்பதால் தரம் குறைவதில்லை. அந்த எண்ணைப் படிக்காமல் எந்தப் பிளேயராலும் எம்.பி.3-ஐ ஒலிக்கவே முடியாது என்பதால், லாரியிலும் கட்டாயம் வேலை செய்யும். ஒரு படி என்பது 1.5 டெசிபல், அதற்கு இடைப்பட்ட அளவு கிடையாது. அதனால் பாடலுக்குப் பாடல் அரைப் படி முன்பின் இருக்கலாம், அது காதில் உறுத்தாது.

மென்பொருளில் இலக்கு 89 டெசிபல் என்று ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும்; இது மேலே பார்த்த மைனஸ் எண்களிலிருந்து வேறான ஓர் அளவுகோல். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்று அதை 95, 98 என்று ஏற்றிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி ஏற்றினால் எந்தெந்தப் பாடல்கள் கரகரக்கும் என்பதை அந்த மென்பொருளே சிவப்பு எழுத்தில் காட்டும். சிவப்பு தெரிந்தால் இறங்கிவிடுங்கள். சத்தம் வேண்டுமென்றால் வண்டியின் ஆம்ப்ளிஃபயரில் வைத்துக்கொள்ளலாம். செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதியும் அதிலேயே உண்டு.

கேள்வி: பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கர்நாடகக் கச்சேரிப் பதிவுகளுக்கு இதே சமனைச் செய்தேன். இப்போது ஆலாபனை வழக்கத்துக்கு மாறாக உரக்கவும், அதைத் தொடர்ந்து வரும் கீர்த்தனை திடீரென்று அமுங்கியும் கேட்கின்றன. முன்பு இருந்ததே தேவலாம் என்று தோன்றுகிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மயிலாப்பூர்

பதில்: முன்பு இருந்ததே சரி; உங்கள் காது சொல்வதை நம்புங்கள். திரைப்பாடல் தொகுப்பில் ஒவ்வொரு பாடலும் தனி ஆள். கச்சேரியில் அப்படி அல்ல. வசதிக்காக ஆலாபனையை ஒரு கோப்பாகவும், கீர்த்தனையை ஒரு கோப்பாகவும், தனி ஆவர்த்தனத்தை ஒரு கோப்பாகவும் வெட்டியிருக்கிறார்கள். மேடையிலோ அவை ஒரே மூச்சில் நிகழ்ந்தவை. ஆலாபனையில் மிருதங்கம் இல்லை; குரலும் வயலினும் தம்புராவும் மட்டுமே இருப்பதால் அளவி அதை மெல்லியது என்று கணித்து ஏற்றிவிடுகிறது. தம்புராவின் ரீங்காரமும் அரங்கத்து இருமல்களும் சேர்ந்து மேலே வருகின்றன. அடுத்த கோப்பில் மிருதங்கம் சேர்ந்துகொண்டதும், உரப்பு கூடிவிட்டது என்று மொத்தத்தையும் இறக்குகிறது. பாடகர் அதே குரலில் பல்லவியை எடுக்க, கோப்பு மாறும் அந்தக் கணத்தில் அவர் இரண்டடி பின்னே நகர்ந்து நின்றதுபோல் ஆகிவிடுகிறது. தம்புரா கூட அந்த இடத்தில் படி இறங்குகிறது. எந்தக் கச்சேரியிலும் நடக்காத காரியம் இது.

இதற்காகவே ரீப்ளே கெயினில் இரண்டு விதமான கணக்குகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று தடத்துக்குத் தடம் அளப்பது. மற்றொன்று ஒரு முழு ஆல்பத்தையும் ஒரே நீண்ட பதிவாகக் கருதி அளந்து, அதிலுள்ள எல்லாத் தடங்களையும் ஒரே அளவு ஏற்றுவது அல்லது இறக்குவது. ஃபூபார் 2000-இல் ஒரு கச்சேரியின் கோப்புகள் அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ரீப்ளே கெயின் பட்டியலில் ‘ஆல்பமாக அளக்க’ என்னும் பொருளுடைய கட்டளையைக் கொடுங்கள். பின்னர் மென்பொருளின் அமைப்புகளில் ஒலிக்கும் முறையையும் ஆல்பம் என்றே மாற்றிவிடுங்கள். எம்.பி.3 கெயினிலும் ஆல்பத்துக்கான பொத்தான் தனியாக இருக்கிறது. இதன்பின் ஒரு கச்சேரிக்கும் மற்றொரு கச்சேரிக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு தீரும்; ஒரு கச்சேரிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு பாடியவர் வைத்தபடியே நிற்கும். வர்ணத்தைவிட ஆலாபனை மெல்லியதாக இருப்பதும், தனி ஆவர்த்தனத்தின் கோர்வை அரங்கை நிறைப்பதும் சங்கீதத்தின் பகுதிதான். அதைச் சமன் செய்ய நமக்கு உரிமை கிடையாது என்பது என் கட்சி.

காரில் கேட்கும்போது ஆலாபனை என்ஜின் ஓசையில் கரைந்துபோகிறது என்று சிலர் வருந்துவது நியாயமே. அதற்குக் கோப்பைத் திருத்துவதைவிட, கைப்பேசிச் செயலியில் கம்ப்ரெசர் வசதி (உரத்த ஒலியை அமுக்கி, மெல்லியதற்கும் அதற்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது) இருந்தால் பயணத்தின்போது மட்டும் அதை இயக்கிக்கொள்ளலாம். வீடு திரும்பியதும் அணைத்துவிட்டால், பதிவு பழுதுபடாமல் இருக்கும்.

கேள்வி: பழைய ஒலிநாடாக்களிலிருந்து மோனோவாகக் கணினியில் ஏற்றிய பாடல்கள், ஸ்டீரியோப் பாடல்களோடு சேர்த்துச் சமன் செய்த பிறகும் கொஞ்சம் தூக்கலாகவே கேட்கின்றன. அளவியில் இரண்டும் ஒரே எண்தான். இது எப்படி?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அளவி இடது, வலது இரண்டு வழிகளின் ஆற்றலையும் கூட்டித்தான் உரப்பைக் கணிக்கிறது. மோனோக் கோப்பில் ஒரே வழிதான் இருப்பதால், அதே பாடல் இரு வழிகளில் இருந்தால் காட்டும் எண்ணைவிட 3 டெசிபல் குறைவாக அது காட்டும். ஆனால் ஒலிக்கும்போது உங்கள் ஸ்பீக்கர்கள் இரண்டும் அதே ஒலியைத்தான் தருகின்றன. எனவே −19 என்று அளவி சொல்லும் மோனோப் பாடல், உண்மையில் −16-இல் நிற்கிறது. அடாசிட்டியின் உரப்புக் கட்டளையில், மோனோவை இரட்டை மோனோவாகக் கருதுவதற்கான சிறிய கட்டம் ஒன்று இருக்கும். அதில் குறியிட்டுவிட்டு மறுபடியும் அளந்தால் சரியாகிவிடும்.

நாடாவை ஏற்றும்போது ஸ்டீரியோவாகப் பதிந்து, கம்பி ஒன்று சரியாகப் பொருந்தாமல் இடது பக்கம் மட்டும் ஒலி வந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். அலை வடிவத்தின் ஒரு பாதி நேர்கோடாகக் கிடந்தால் அதுதான் காரணம். அந்தத் தடத்தைப் பிரித்து, ஒலி உள்ள பாதியை மோனோவாக்கிய பிறகே சமன் வேலையைத் தொடங்க வேண்டும்.

கேள்வி: யூடியூபில் அடுத்தடுத்துக் கேட்கும்போது எல்லாப் பாடல்களும் ஓரளவு ஒரே சத்தத்தில் இருக்கின்றன. அதே பாடல்களைக் குறுந்தகட்டிலிருந்து கேட்டால் ஏன் அப்படி இல்லை?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: யூடியூபில் ஒலிக்கருவியே உங்களுக்காகக் குமிழைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. கணினியில் சுட்டியைக் காணொளியின் மீது வைத்து, சுட்டியின் (மவுஸ்) வலது பொத்தானை அழுத்தி, ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறந்தால் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒலியளவுக்கான வரியில் இரண்டு விழுக்காடுகளும், அவற்றின் அருகே ஒரு டெசிபல் எண்ணும் தெரியும். அந்த எண் 4 என்றால், பாடல் தளத்தின் இலக்கைவிட 4 டெசிபல் உரக்க இருக்கிறது என்று பொருள். அதை ஈடுகட்ட ஒலி சுமார் 63 விழுக்காடாகக் குறைக்கப்பட்டிருக்கும். எண் மைனஸில் இருந்தால், பாடல் இலக்கைவிட மெல்லியது. அப்போது விழுக்காடு 100-லேயே நிற்கும். தளம் உரத்ததை இறக்குகிறதே ஒழிய, மெல்லியதை ஏற்றுவதில்லை. அதனால்தான் மிகப் பழைய பாடல்கள் அங்கேயும் சற்றுத் தணிவாகவே கேட்கின்றன. குறுந்தகட்டுக் கருவிக்கு இந்த வேலை எதுவும் தெரியாது. தகட்டில் உள்ளதை உள்ளபடியே தருகிறது.

கேள்வி: நான் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பாடலாக உட்கார்ந்து அளக்க நேரம் இல்லை. மிக்சருக்குப் பின்னால் கம்ப்ரெசர் ஒன்றைப் போட்டு மொத்தமாக அமுக்கிவிட்டால் போதாதா?
– ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: சத்தம் ஓரளவு சமனாகும்; பாட்டு கெட்டுப்போகும். −20-க்கு மேல் வருவதை நான்கில் ஒன்றாகச் சுருக்கும்படி கம்ப்ரெசரை வைத்தால், −8-இல் வரும் புதுப் பாடல் தோராயமாக −17-க்கு இறங்கும். −21-இல் வரும் பழைய பாடல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 13 டெசிபல் வித்தியாசம் 4-ஆகிவிட்டதே என்று மகிழலாம். ஆனால் கருவிக்குப் பாடல் எது, அடி எது என்று தெரியாது. டிரம் விழும்போதெல்லாம் அது மொத்தத்தையும் அமுக்கி, அடி ஓய்ந்ததும் விடுவிக்கும். பாடகியின் குரல் ஒவ்வோர் அடிக்கும் உள்ளே போய் வெளியே வருவதுபோல் மூச்சு வாங்கும். பாடல் முடிந்து இடைவெளி வந்தால், அமுக்கியதை ஈடுகட்ட மேலே தூக்கிக் கொடுத்த சத்தத்தோடு இரைச்சலும் சேர்ந்து எழும். முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் ஒலிக்கும்போது அது அமுங்கி வந்தால் வீட்டுக்காரர் உங்களிடம்தான் கேட்பார்.

ஒவ்வொரு பாடலாக உட்கார்ந்து அளக்க வேண்டியதும் இல்லை. பாடல்கள் உள்ள கோப்புறையை முழுதாக எம்.பி.3 கெயினில் இழுத்துப் போட்டு, இரவில் ஓடவிட்டால் காலையில் வேலை முடிந்திருக்கும். அதன்பின் புதிதாகச் சேர்க்கும் பாடல்களுக்கு மட்டும் செய்தால் போதும். கம்ப்ரெசரை எடுத்துவிட வேண்டாம். ஸ்பீக்கரைக் காப்பதற்காக, எப்போதாவது எகிறும் உச்சத்தை மட்டும் பிடிக்கும் அளவுக்கு உயரத்தில் வைத்துவிடுங்கள். விழாவில் பேசுபவர்களின் மைக்குக்கு அது உண்மையிலேயே தேவை; ஒருவர் மைக்கைக் கடிப்பதுபோல் பேசுவார், அடுத்தவர் கையை நீட்டி எட்டத்தில் பிடிப்பார். ஆகவே மைக் சேனலுக்குத் தனிக் கம்ப்ரெசர், பாட்டுச் சேனலுக்கு அளந்த கோப்புகள் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.